பத்து வாரக் கோடை விடுமுறையில் கல்லூரிக்குத் தயாராவது எப்படி?

கேள்வி:
பள்ளியில் இன்னும் ஒரு வருடம் பாக்கி. பத்து வாரம் கோடை விடுமுறை கையில் இருக்கிறது. கல்லூரி முதலாண்டுக் கணிதப் புத்தகத்தை இப்போதே முடித்துவிட்டால் அங்கே போய் நிம்மதியாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். காலை 5 மணி முதல் இரவு 10 மணி வரை என்னால் உட்கார முடியும். யாராவது ஒரு கால அட்டவணை போட்டுக் கொடுங்கள்.

மே 4
அட்டவணை தர மாட்டேன். இதே வேலையை ஒரு கோடையில் நானே செய்து பார்த்தவள். நான்கு நிறப் பேனா, சுவரில் ஒட்டிய அட்டவணை, கடன் வாங்கிய நுண்கணிதப் புத்தகம். மூன்று அத்தியாயம் முடித்தேன். முடித்தேன் என்றால் படித்தேன், தலையாட்டினேன், அடிக்கோடு போட்டேன். கல்லூரி திறந்து முதல் ஆறு வாரம் வகுப்பில் சொன்னதெல்லாம் எங்கேயோ பார்த்ததாகவே இருந்தது. அதனால் கவனிக்கவில்லை, வீட்டுக்கணக்கும் போடவில்லை. முதல் தேர்வில் 100க்கு 31. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அந்தக் கோடையில் புத்தகத்தையே தொடாதவள், தம்பியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தவள். அவளுக்கு 78.

அப்புறம் பதினோரு வருடம் முதலாண்டு மாணவர்களுக்குக் கணிதப் பயிற்சி வகுப்பு எடுத்தேன். என்னைப் போல நாலைந்து பேர் ஒவ்வொரு வருடமும் வருவார்கள். முதல் வாரம் முன்வரிசை, ஆறாம் வாரம் கடைசி வரிசை.

மே 4, இரவு
கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன் போல. முன்கூட்டிப் படிப்பது பாவம் என்று சொல்லவில்லை. படித்ததும் தெரிந்ததும் ஒன்று என்று நினைப்பதுதான் சிக்கல்.

இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு உரைநடைப் பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதை நான்கு தடவை படித்தது. இன்னொரு குழு ஒரே தடவை படித்துவிட்டு, மூன்று தடவை வெறும் தாளில் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது நான்கு தடவை படித்தவர்கள்தான் முன்னால். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு நினைவிருந்தது 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. வேடிக்கை என்னவென்றால், நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள் நான்கு தடவை படித்தவர்கள்தான்.

என் நான்கு நிறப் பேனாவுக்கு இதைவிடச் சரியான அஞ்சலி கிடைக்காது.

மே 6
"அப்படியானால் கணிதத்தில் என்னதான் செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி.

நான் பார்த்தவரை, நுண்கணிதத்தில் தோற்றவர்களில் பெரும்பாலோர் நுண்கணிதத்தில் தோற்கவில்லை. பின்னத்தில் தோற்றார்கள். வகையீட்டின் கருத்து புரிந்திருக்கும், சூத்திரம் சரியாக எழுதியிருப்பார்கள், நான்காவது வரியில் பின்னத்தைக் கூட்டும்போது வண்டி கவிழ்ந்துவிடும். எட்டாம் வகுப்பில் விழுந்த ஓட்டை அது. அங்கே ஒரு மதிப்பெண்தான் போயிருக்கும், யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். கல்லூரியில் அதே ஓட்டை வழியாக முழுக் கணக்கும் போய்விடும்.

அதனால் முதல் வாரம் மேலே ஏற வேண்டாம். கீழே இறங்கிப் பாருங்கள். முதல் வகுப்பில் நான் பத்துக் கணக்கு கொடுப்பேன், கால்குலேட்டர் கிடையாது. அதிலிருந்து சில:

அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி, வந்ததை 1இன் கீழே வைத்து வகுத்தால் என்ன?
இரண்டின் அடுக்கு மைனஸ் மூன்று எவ்வளவு?
ஓர் எண்ணின் வர்க்கம் அந்த எண்ணின் மூன்று மடங்குக்குச் சமம். அந்த எண் எது?
ஒரு பொருளின் விலை 20 சதவீதம் ஏறி, பிறகு 20 சதவீதம் இறங்குகிறது. இப்போது பழைய விலையில் எத்தனை சதவீதம்?
ஓர் எண்ணிலிருந்து 3ஐக் கழித்து, வர்க்கப்படுத்தி, வர்க்கமூலம் எடுத்தால் என்ன கிடைக்கும்?

விடைகளை வரிசையாகவே சொல்லிவிடுகிறேன், போட்டுப் பார்க்காமல் இறங்காதீர்கள்: ஐந்தில் ஆறு, எட்டில் ஒன்று, மூன்று, 96, அந்த எண்ணைவிட 3 குறைந்த எண்.

எது தவறியதோ அந்தப் பாடத்தின் பள்ளிப் புத்தகத்தை எடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, அறைக்குள் யாரும் இல்லை.

மே 7
முதல் கணக்கின் விடை 5 என்று மூன்று பேர் சாதிக்கிறார்கள். அரையைத் திருப்பினால் 2, மூன்றில் ஒன்றைத் திருப்பினால் 3, ஆக 5. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் முதலில் கூட்ட வேண்டும், பிறகுதான் திருப்ப வேண்டும். கூட்டினால் ஆறில் ஐந்து. திருப்பினால் ஐந்தில் ஆறு. ஒன்றுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். 5 எங்கே, 1.2 எங்கே.

இந்தத் தவறு ஒருநாளும் சாகாது. பதினோரு வருடத்தில் இது வராத வகுப்பு எனக்கு நினைவில்லை.

மே 7, மாலை
ஐயோ. மூன்றாவது கணக்குக்கு நான் கொடுத்த விடையும் பாதிதான். 3 மட்டுமல்ல, 0உம் சரி. பூஜ்யத்தின் வர்க்கம் பூஜ்யம், மூன்று மடங்கும் பூஜ்யம். இரண்டு பக்கமும் அதே எண்ணால் வகுத்துத் தள்ளும்போது இந்த 0 சத்தமில்லாமல் விழுந்துவிடும். இதைச் சொல்லித்தருவதற்காகவே வைத்த கணக்கு அது. அவசரத்தில் நானே தொலைத்துவிட்டேன். சிரித்தவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

மே 11
கணிதத்தை விடுங்கள். இரண்டு நாளாக வேறொன்று உறுத்திக்கொண்டிருக்கிறது: காலை 5 முதல் இரவு 10 வரை என்ற அந்த வாக்கியம்.

பள்ளியில் உங்கள் நாளை வேறு யாரோ வெட்டித் தருகிறார்கள். மணி அடிக்கிறது, பாடம் மாறுகிறது. வீட்டுப்பாடத்தை மறுநாளே கேட்கிறார்கள். கல்லூரியில் நாள் முழுத்துணியாக வரும், வெட்டித் தர ஆள் கிடையாது.

எண்ணில் பாருங்கள். வகுப்பில் ஒரு மணி நேரம் என்றால் வெளியே இரண்டு மணி நேரம் உழைக்க வேண்டும் என்பது அமெரிக்கக் கல்லூரிகளின் பழைய கணக்கு. வாரம் 15 மணி வகுப்பு என்றால் மொத்தம் 45 மணி. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் ஓராண்டுக்கு 60 கிரெடிட், ஒவ்வொரு கிரெடிட்டுக்கும் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. ஆண்டுக்கு 1500 முதல் 1800 மணி. இதில் கணிசமான பகுதி யாரும் பார்க்காத நேரம். செய்தீர்களா என்று யாரும் கேட்க மாட்டார்கள், தேர்வு வரும்வரை.

எனக்கு 31 வந்ததற்கு இதுதான் முக்கியக் காரணம் என்று இப்போது தோன்றுகிறது. முதல் நாள் எழுதியபோது 'தெரியும் என்ற நினைப்பு' மீது பழி போட்டேன். அதுவும் உண்டு. ஆனால் அந்த ஆறு வாரமும் மதியம் இரண்டு மணிக்கு வகுப்பு முடிந்த பிறகு என்ன செய்தேன் என்று கேட்டால் பதில் இல்லை. ஏதோ செய்தேன். நேரம் போயிற்று.

நான் அட்டவணை போட்டுக் கொடுத்தால் அதுவும் இன்னொரு பள்ளி மணிதான். நீங்கள் பழக வேண்டியது மணி அடிக்காத நாளில் தானாக உட்காருவது. முதல் வாரம் ஒரு நாளுக்கு ஒன்றரை மணி நேரம் போதும். எந்த ஒன்றரை மணி என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். தவறினால் என்ன காரணம் என்று ஒரே வரி எழுதி வையுங்கள்.

மே 12
"வெறும் ஒன்றரை மணியா?" ஆமாம். பத்து வாரமும் ஒன்றரை மணி உட்கார்ந்தவரை எனக்குக் காட்டுங்கள். பதினேழு மணி நேர அட்டவணை போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், நான்காம் நாள் வரை.

மே 19
கோடை விடுமுறையில் படித்தது மறந்துபோகும் என்பதற்கு ஆதாரம் உண்டா என்று ஒருவர் கேட்டார். உண்டு. 1996இல் ஹாரிஸ் கூப்பரும் மற்றவர்களும் 39 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, நீண்ட விடுமுறையில் மாணவர்கள் சராசரியாக ஒரு மாதப் படிப்பு அளவுக்குப் பின்தங்குகிறார்கள், அதுவும் வாசிப்பைவிடக் கணிதத்தில் அதிகம் என்று எழுதினார்கள். ஆகவே வாரத்துக்கு மூன்று நாளாவது கணக்குப் போடுங்கள்.

மே 21
முந்தாநாள் எழுதியதில் ஒரு திருத்தம். அந்த முடிவை அவ்வளவு அழுத்திச் சொல்லியிருக்கக் கூடாது. பால் வான் ஹிப்பல் என்ற சமூகவியலாளர் இதே கருத்தைப் பல வருடம் நம்பியவர். பழைய ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தபோது அதே முடிவு வரவில்லை என்று 2019இல் வெளிப்படையாக எழுதினார். விடுமுறைக்கு முன்னும் பின்னும் வேறு வேறு தேர்வுத்தாள் வைத்து, மதிப்பெண்ணை ஒப்பிட்ட முறையிலேயே கோளாறு இருந்திருக்கிறது. இந்த விவாதத்தில் அடிபடும் ஆய்வுகள் பெரும்பாலும் சின்னப் பிள்ளைகளைப் பற்றியவை என்பது வேறு.

சரி, வாரத்துக்கு மூன்று நாள் கணக்கு என்பதை வாபஸ் வாங்குகிறேனா? இல்லை. அது ஆய்வைப் பார்த்து வந்த யோசனை அல்ல. விடுமுறை முடிந்து வந்த முதல் வாரத்தில் முக்கோணவியலைப் பார்த்து விழித்த முகங்களைப் பார்த்து வந்தது.

ஜூன் 2
என் அக்கா மகள் இங்கே வந்திருக்கிறாள். பள்ளி முடிந்துவிட்டது, இன்னும் சில வாரத்தில் கல்லூரி. இந்த இழையைப் படித்துவிட்டு, "சித்தி, நீ ரொம்ப உபதேசம் பண்ற" என்றாள். அவள் செய்துகொண்டிருப்பது நான் செய்யாதே என்று சொன்னது. பைத்தான் நிரலாக்கம் கற்றுக்கொள்கிறாள், கல்லூரியில் இரண்டாம் பருவத்தில் வரும் பாடம்.

முதல் இரண்டு நாள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். என் கோடைக்கும் அவள் கோடைக்கும் ஒரு வித்தியாசம். அவள் எதையும் 'முடிக்க'வில்லை. வீட்டில் இருக்கும் புத்தகங்களை யார் எப்போது எடுத்தார்கள் என்று குறித்து வைக்கும் ஒரு சின்ன நிரலை எழுதப் பார்க்கிறாள். அது ஓடாது. ஏன் ஓடவில்லை என்று இரண்டு மணி நேரம் தேடுவாள். ஒரு புள்ளி விடுபட்டிருக்கும். அப்புறம் ஓடும். கணினி அவளுக்கு ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் ஒரு தடவை தேர்வு வைக்கிறது, தலையாட்டி ஏமாற்ற முடியாது. என் நுண்கணிதப் புத்தகம் ஒருநாளும் என்னைத் திருப்பிக் கேட்கவில்லை.

ஆக, முன்கூட்டிப் படிக்கலாம், படிப்பது திருப்பிக் கேட்கும் பொருளாக இருந்தால். மே 4இல் எழுதியதை இப்படி மாற்றிக்கொள்கிறேன்.

ஜூன் 4
நியூட்டனை இழுத்து வந்துவிட்டார்கள். கொள்ளைநோய்க்காகக் கேம்பிரிட்ஜ் மூடிய காலத்தில் ஊரில் உட்கார்ந்து நுண்கணிதத்தையே உருவாக்கினாராம், நாம் பத்து வாரத்தில் ஒரு புத்தகம் முடிக்கக் கூடாதா என்று. ஐயா, 1665இல் கல்லூரி மூடியபோது அவர் பட்டம் வாங்கிவிட்டார். பள்ளி விடுமுறைக் கணக்கில் அவரைச் சேர்க்காதீர்கள்.

வேண்டுமானால் லினஸ் டோர்வால்ட்ஸைச் சேருங்கள். 1990 கோடையில், ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராக, இயங்குதளங்கள் (கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்கள்) பற்றி டானன்பாம் எழுதிய 700 பக்கத்துக்கு மேற்பட்ட பாடப்புத்தகத்தைப் படித்தார். அடுத்த வருடம் ஆகஸ்ட் மாதம், வெறும் பொழுதுபோக்குக்காக ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாக அறிவித்தார். அதுதான் லினக்ஸ். என் வாதத்துக்கு எதிரான உதாரணம் என்று தெரிந்தேதான் தருகிறேன். ஒன்றே ஒன்று: அவருக்கு யாரும் அட்டவணை போட்டுக் கொடுக்கவில்லை.

ஜூன் 9
இன்று வந்த கேள்வி ஒன்று என்னைக் கொஞ்சம் குத்திவிட்டது. "நான் விடுமுறை முழுக்க வேலைக்குப் போகிறேன். மாலை ஏழு மணிக்குத்தான் வீடு. எனக்கு இதெல்லாம் எப்படிப் பொருந்தும்?"

இவ்வளவு எழுதியும் எல்லோர் கையிலும் பத்து வாரம் காலியாக இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். தவறுதான்.

ஆனால் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை: வேலைக்குப் போய்விட்டு வந்த மாணவர்களை வகுப்பில் தனியாகத் தெரியும். சந்தேகம் வந்தால் வந்து கேட்பார்கள். மற்றவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தெரியாததைப் பெரியவர் ஒருவரிடம் போய் "இது எனக்குப் புரியவில்லை" என்று கேட்பது ஒரு பயிற்சி. பள்ளியில் அதற்கு வாய்ப்புக் குறைவு, வேலையிடத்தில் கேட்காமல் ஒரு நாள் தள்ள முடியாது. கல்லூரியில் ஆசிரியர் தன் அறையில் இருக்கும் நேரத்தைக் கதவில் எழுதி ஒட்டியிருப்பார். என் கதவில் வாரத்துக்கு நான்கு மணி நேரம் என்று எழுதியிருந்தது. பெரும்பாலும் நான் தனியாக உட்கார்ந்து தாள் திருத்துவேன்.

உங்களுக்கு என் யோசனை: அந்தக் கணக்குகளை மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டுப் பாருங்கள். தவறியதை மட்டும் வாரத்துக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். மீதி நேரம் தூங்குங்கள்.

ஜூன் 9, கொஞ்ச நேரம் கழித்து
தூக்கம் என்றதும் நினைவு வந்தது. இழையின் முதல் கேள்வியில் இரவு 10 முதல் காலை 5 வரைதான் மிச்சம். ஏழு மணி நேரம், படுத்த அந்த நொடியே தூங்கினால். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் தேவை என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் பரிந்துரை. அட்டவணை முதல் வரியிலேயே தோற்றுப்போய்விட்டது.

ஜூன் 18
வாசிப்பைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை என்று புகார். எழுதாததற்குக் காரணம், நல்ல வாசகர்கள் ஏற்கெனவே வாசித்துக்கொண்டிருப்பார்கள், மற்றவர்களுக்குப் பட்டியல் கொடுத்தால் பட்டியலை மட்டும் வாசிப்பார்கள்.

ஆனாலும் கல்லூரியில் ஒரு அதிர்ச்சி உண்டு. பள்ளியில் ஒரு பாடம் பத்துப் பக்கம். அங்கே அடுத்த வாரத்துக்குள் நாற்பது பக்கம் என்பார்கள், குறிப்பு எதுவும் தர மாட்டார்கள். அக்கா மகளிடம் சோதித்தேன். நாற்பது பக்கக் கட்டுரை ஒன்றைக் கொடுத்து, போனை என்னிடம் வாங்கி வைத்துக்கொண்டேன். பன்னிரண்டாவது பக்கத்தில் எழுந்து ஏதோ தேடினாள். என்ன தேடுகிறாய் என்றேன். அவளுக்கே தெரியவில்லை. நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் அன்று மாலை நானும் அதையே செய்து பார்த்தேன். ஒன்பதாவது பக்கத்தில் எழுந்துவிட்டேன்.

இப்போது இருவரும் தினமும் கொஞ்சம் நீட்டிக்கொண்டு வருகிறோம். வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, ஆசிரியர் என்ன சொல்கிறார் என்று ஐந்து வரி. அவள் வரிகள் என்னுடையதைவிட நன்றாக இருக்கின்றன, எரிச்சலாக இருக்கிறது.

ஜூன் 27
எந்தப் படிப்பைத் தேர்ந்தெடுப்பது என்ற பெரிய கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. ஒரு சின்ன வேலை மட்டும். நீங்கள் நினைக்கும் துறையில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒருவரைப் பிடித்து, போன செவ்வாய்க்கிழமை காலை முதல் மாலை வரை என்ன செய்தாய் என்று கேளுங்கள். "படிப்பு எப்படி இருக்கிறது" என்று கேட்டால் "பரவாயில்லை" என்பார்கள். செவ்வாய்க்கிழமையைக் கேட்டால் உண்மை வரும். கட்டடக்கலை படிக்க ஆசைப்பட்ட ஒருவர் இப்படிக் கேட்டுவிட்டு, அட்டையை வெட்டி ஒட்டியே பாதி வாரம் போகிறது என்று தெரிந்து, இன்னும் அதிக ஆசையோடு சேர்ந்தார். இன்னொருவர் ஓடிவிட்டார். இரண்டு பேருக்குமே லாபம்.

ஜூன் 28
சான்றிதழ்களில் எல்லாம் பெயரும் பிறந்த தேதியும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று விடுமுறையிலேயே பாருங்கள். ஒரெழுத்து வித்தியாசத்துக்காகச் சேர்க்கை நாளன்று அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சலிப்பான விஷயம், அதனால் இத்தோடு விடுகிறேன்.

ஜூலை 6
முதல் கேள்வி கேட்டவர் இரண்டு மாதம் சத்தமே இல்லை. கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தேன். இன்று எழுதியிருக்கிறார். 5 மணி அட்டவணை ஆறு நாள் ஓடியதாம் (நான்கு என்று சொன்னேன், இரண்டு நாள் கூடுதல், மன்னிக்கவும்). அப்புறம் பத்து நாள் ஒன்றுமே செய்யவில்லையாம். பிறகு மதியம் மூன்றிலிருந்து நாலரை வரை என்று வைத்துக்கொண்டு, அதில் ஐந்து நாள் மட்டும் தவறியிருக்கிறார். தவறியதற்கு எழுதிய காரணங்களையும் அனுப்பியிருந்தார். நான்கில் 'போன்' என்று இருந்தது. ஐந்தாவதில் 'தெரியவில்லை'.

பின்னத்திலும் அடுக்கிலும் ஓட்டை இருந்ததாம், அடைத்துவிட்டாராம். நுண்கணிதப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. அதைச் சொல்லும்போது கொஞ்சம் குற்ற உணர்ச்சி தெரிந்தது. வேண்டாம்.

ஜூலை 7
அதே நபரிடமிருந்து இன்னொரு செய்தி, இது கொஞ்சம் மிடுக்காக. மே 6இல் கொடுத்த ஐந்தாவது கணக்கின் விடையும் தவறு என்கிறார். 'ஓர் எண்ணிலிருந்து 3ஐக் கழித்து, வர்க்கப்படுத்தி, வர்க்கமூலம் எடுத்தால்' அதே எண்ணைவிட 3 குறைந்த எண் கிடைக்கும் என்று எழுதியிருந்தேன். அவர் 1 போட்டுப் பார்த்திருக்கிறார். 1இலிருந்து 3 போனால் மைனஸ் 2. வர்க்கம் 4. வர்க்கமூலம் 2. மைனஸ் 2 அல்ல.

சரிதான். எண் 3ஐவிடச் சிறியதாக இருந்தால் குறியைத் திருப்ப வேண்டும், 3க்கும் அந்த எண்ணுக்கும் உள்ள தூரம் என்று எழுதியிருந்தால் பிழை வந்திருக்காது. இரண்டு மாதமாக இத்தனை பேர் படித்தும் யாரும் கேட்கவில்லை, பதினோரு வருடம் பாடம் எடுத்த எனக்கும் தெரியவில்லை. மே 6 குறிப்பில் கை வைக்கவில்லை. தவறு அங்கேயே இருக்கட்டும், அடுத்து வருபவரும் 1 போட்டுப் பார்க்கிறாரா என்று பார்ப்போம்.